நிறம் சொல்பவள்

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை
ஞாயிறு காலை ஏழரைக்கு
டெர்டியஸ் முழங்கை ஆழத்தில் தண்ணீர் அள்ளுவான்.
மேல்நீர் உதவாது, வெயில் தின்ற நீர்.
ஐந்து சொட்டு ஃபீனால் ரெட்.
மூடி, தலைகீழாக்கி,
கார் கொட்டகையின் வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துக்கொண்டு
"ரினெல், என்ன நிறம்?" என்பான்.

அவன் கண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் பச்சையும்
ஒரே அலமாரியில் மடித்த துணிகள்.
திருமணத்தன்று என் கையிலிருந்த ரோஜாக்கொத்து
காய்ந்த இலை போலிருந்ததாம்.
மூன்று வருடம் கழித்துச் சொன்னான்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ஆகவே நான் பார்ப்பேன், அவன் கேட்பான்.
ஆரஞ்சு என்றால் ஏழு புள்ளி நான்கு.
தர்பூசணி என்றால் ஏழு புள்ளி எட்டு.
"சதையா, தோலோரமா?"
"சதை. விதைக்குப் பக்கத்தில்."
குளோரினுக்கு
இளஞ்சிவப்பு மறையும்வரை சொட்டு எண்ணுவான்.
மறைந்தது என்று நான் சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால்
எண்ணிக்கொண்டே இருப்பான், பாவம்.
ப்ளூம்ஃபொன்டைனில் பதினோரு கோடை இப்படி,
கூரையில் ஹடீடாக்கள் கத்த,
நோட்டில் நீல மையில்.

ஜனவரியில் ஆலங்கட்டி கொட்டிய வாரம்.
கரியடுப்பில் பூரவோர்ஸ் சுருண்டு பொரிந்தது.
பக்கத்து வீட்டு லாவ்கி குளத்தைப் பார்த்து
"கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்களே" என்றார்.
இடுக்கியைத் தட்டியபடி டெர்டியஸ்:
"வேதியியல் நான்.
இவள் நிறம் மட்டும் சொல்வாள்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
உருளைக்கிழங்கு சாலட்டை இன்னொரு சுற்று நீட்டினேன்.

அடுத்த ஞாயிறு
குழாயில் ஆரஞ்சு.
குறை சொல்ல முடியாத ஆரஞ்சு.
"சிவப்பு," என்றேன். "பீட்ரூட் சாறு."
அவன் குழாயைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தான்,
திருப்பினால் தெரிந்துவிடும் என்பதுபோல்.
பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று
ஆழமான பக்கத்தில்
ஒன்றரை லிட்டர் அமிலத்தை
நூல் பிடித்தாற்போல் ஊற்றினான்.
பம்ப் ஓடியது.
நான் காபி போட்டேன்.

அந்த வாரத்து மழை
தண்ணீரின் தாங்கும் சக்தியைக் கரைத்திருந்தது.
எனக்கு அது தெரியும்.
முந்தைய பக்கத்தில் அவனே எழுதியிருந்தான்:
காரத்தன்மை நாற்பது, குறைவு.

புதன்கிழமை மீகா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.
வியாழன், படியில் கால் வைத்தேன்,
உப்புத்தாள் போல் உள்ளங்காலை உரசியது.
பசித்த தண்ணீர் சுவரைத் தின்னத் தொடங்கியிருக்கிறது.
அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில்
நானே அள்ளினேன், நானே சொட்டினேன்.
எலுமிச்சை மஞ்சள்.
அட்டையில் அதற்குக் கீழே கட்டமே இல்லை.

வாளியில் சோடாச் சாம்பல் கரைத்து
குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
தண்ணீர் பால்போல் கலங்கியது.
அமிலத்தைவிட இது மெதுவாகத்தான் வேலை செய்யும்.
நைட்டி முழங்கால்வரை நனைந்து
தெளியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
விடியும்வரை தெளியவில்லை.

நோட்டைத் திறந்தேன்.
அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான், ஒளிப்பானேன்.
பதினோரு கோடையும் நீல மை.
அந்த ஞாயிறு மட்டும் பென்சில்.
எட்டு புள்ளி இரண்டு,
பக்கத்தில் காகிதம் பள்ளமாகும் அளவுக்கு
ஒரு கேள்விக்குறி.
கீழே அதே பென்சிலில்:
ஒன்றரை லிட்டர். ஊற்றியாயிற்று.

கிழிக்கவில்லை.
சோடாச் சாம்பலின் அளவை
அதற்குக் கீழே என் கையெழுத்தில் எழுதினேன்.

இந்த ஞாயிறு ஏழரை.
வெள்ளைச் சுவர். குழாய்.
"என்ன நிறம்?"
கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன்.
அவன் மணிக்கட்டைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
"ஏழு புள்ளி ஆறு," என்றேன்.
நிறத்தைச் சொல்லவில்லை.

அவன் கை சட்டைப்பைக்குப் போனது.
பேனாவும் பென்சிலும் அதில்தான் இருந்தன.