காற்றாட அரைமணி

எங்கள் தெற்குச் சிலியில் மூங்கில் பூத்தால்
யாரும் கொண்டாடுவதில்லை.
உதிர்ந்த அரிசியைத் தின்று
உடம்பைவிட வால் நீண்ட எலிகள்
பெற்றுப் பெருகி மலையிறங்கும்.

குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த
விறகுக் குடிசையை
அண்ணன் நொல்பெர்த்தோ பெருக்கினான்.
தம்பி ரெமிஹியோ வாசற்படியில் நின்று
அவன் பெருக்கும் லட்சணத்தைக் கேலி செய்தான்.
தூசி ஆள் பார்ப்பதில்லை.
பெருக்கிப் பிழைப்பவள் நான்,
எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் காய்ச்சல், இடுப்புவலி.
ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்தார்கள்.
இரண்டே நாள்.
புவெர்த்தோ மோன்ட்டில் வெளியே மழை,
எக்ஸ்ரே படத்தில் பனி.
"தண்ணீரில் இறங்காமலே மூழ்கிவிட்டார்கள்" என்றாள்
இரவுப்பணி யாஸ்னா.
ரத்தத்தின் நீர் கசிந்து
காற்றின் அறைகளில் குடியேறியிருந்தது.

எடை கேட்கவில்லை, உயரம் அளந்தார்கள்.
மரம் தூக்குகிற அந்த மார்புக்குள்
மிச்சமிருந்தது
ஒரு குழந்தையின் நுரையீரல்தானாம்.
சின்னச் சின்ன மூச்சாக ஊட்டவேண்டுமாம்.
ஆறு பேர் சேர்ந்து குப்புறப் புரட்டினார்கள்,
பதினாறு மணி நேரம்.
திருப்பிப் போட்டபோது முகம் வீங்கி
எவர் தன் கணவர் என்று
எதெல்மிராவுக்கே ஒரு கணம் தடுமாற்றம்.

ஒன்பதாம் நாள்
ஆறாம் கட்டிலை நான்தான் துடைத்தேன்.
பெருக்கியவன் ஐந்தில் இருந்தான்.
வாசலில் நின்றவன் இல்லை.
"அண்ணன் கண் விழித்தால் தம்பியைப் பற்றி
மூச்சு விடாதீர்கள்" என்றார் டாக்டர்.
எல்லோரும் தலையாட்டினோம்.
இயந்திரம் மட்டும்
விட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் விழித்தான்.
கூரையில் எலி ஓடுவதாக
உதடசைத்துக் காட்டினான்.
மகளின் பெயர் தொலைந்து
மறுநாள் கிடைத்தது.
சட்டைப் பொத்தானுக்கும் விரலுக்கும்
ஒரு மாதப் பகை.
தொண்டைக்குழியில் காசளவு தழும்பு.
தம்பியைக் கேட்கவேயில்லை.
குப்புறக் கிடந்த இருட்டில்
பக்கத்துக் கட்டிலின் தாளம் நின்றதைக்
கேட்டிருப்பான் போல.

அடுத்த வசந்தத்தில் குடிசைக்குப் போனார்களாம்.
எதெல்மிரா சந்தையில் பார்த்தபோது சொன்னாள்.
விளக்குமாறு கொண்டுபோகவில்லை.
கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு
"அரைமணி காற்றாடட்டும்,
அப்புறம் குளோரின் தெளிக்கலாம்" என்று
திரும்பிப் பார்த்தால்
அவன் மேட்டின் பாதியில்
வேலிக்கம்பைப் பிடித்தபடி நிற்கிறான்.
அவனுக்கும் அவ்வளவு நேரம்
தேவைப்பட்டதாம்.