சற்றே

சிலிம் ரிவரில் பணம் அனுப்பும் கடை என்னுடையது.
இடப்பக்கம் பேக்கரி, வலப்பக்கம் ரொஹாயாவின் தையல் மெஷின்.
சனிக்கிழமை மாலை செம்பனைத் தோட்டத்து லாரி
ஐம்பது வங்காளிகளை இறக்கிவிட்டுப் போகும்.

வங்காளி என்றால் இந்த ஊரில் முன்பு தலைப்பாகை.
பஞ்சாபிலிருந்து புறப்பட்டவர்கள்
கல்கத்தாவில் கப்பலேறியதால் அந்தப் பெயர் என்பார்கள்.
பேக்கரியில் வங்காளி ரொட்டி இன்றும் உண்டு,
எந்த வங்காளியும் வாங்கி நான் பார்த்ததில்லை.
கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொள்வதுபோல்தான்
இங்கே பெயர்களும்.

கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட
ரெஜாவுல் ஒரு அட்டை எழுதித் தந்தான்:
இன்றைய ரிங்கிட் விலை.
கொடிக்கயிற்றுத் துணிகளாய்
மேல்கோட்டிலிருந்து தொங்கின எழுத்துகள்.
முதல் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி.
"புள்ளி இருந்தால் ர, இல்லாவிட்டால் ப" என்றான்.
எங்கள் புள்ளி தலைமேல் உட்கார்ந்து
உயிரை வெளியே தள்ளும்.
அவன் புள்ளி காலடியில் கிடந்து
எழுத்தையே வேறாக்குகிறது.

செவ்வாய்க்கிழமை புள்ளியைக் காணோம்.
அந்த எழுத்தின் வயிற்றில் சாய்வாக ஒரு கோடு.
ஆலை ஃபிட்டர் ராதுல் சைக்கியா
பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:
"அசாமில் ர இப்படி."
தன் பெயரின் முதல் ஒலியை அவர் சொல்லும்போது
அது ச இல்லை, ஷ இல்லை,
தொண்டையில் எதையோ உரசிவிட்டு வெளியேறும் காற்று.
அதே எழுத்தை ரெஜாவுல் ஷ என்பான்.

புதன்கிழமை மறுபடி புள்ளி.
வியாழக்கிழமை கோடு.

"வெள்ளைக்காரன் காலத்தில் முப்பத்தேழு வருஷம்
எங்கள் பள்ளியிலும் கோர்ட்டிலும்
இவர்கள் மொழிதான்" என்றார் ராதுல்,
ஏதோ போன மாதச் சம்பளம் வராததுபோல்.
"எங்கள் ஊரில் மொழிக்காகச் செத்தார்கள்" என்றான் ரெஜாவுல்.
நான் ரசீதுகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

இரவு கைப்பேசியில் தேடினேன்.
மகதத்துப் பேச்சு கிழக்கே நடந்ததாம்,
நடந்த இடமெல்லாம் நடை மாறியதாம்.
ஹஸ்தம் ஹத்தமாகி, இருவர் வாயிலும் ஹாத் ஆகி நின்றது.
அதே கைதான் நம்மிடம் வந்து அத்தம்,
என் ஜாதகத்தில் இருக்கும் நட்சத்திரம்.
ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்
காமரூபம் போன சீனத் துறவி ஒருவர்
அங்கத்துப் பேச்சு நடுநாட்டுப் பேச்சிலிருந்து
சற்றே வேறு என்று குறித்தாராம்.

சற்றே.
அந்த இடைவெளியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்.

என் கணவர் அச்சுதன் மலையாளி.
கல்யாணமான வருஷம் ஒருநாள்
"எங்களிடமிருந்து பிரிந்ததுதானே உங்கள் பாஷை" என்றேன்.
"உங்களிடமிருந்தா? உங்களோடு இருந்தோம்.
அப்புறம் இல்லை" என்றார்.
இரண்டு நாள் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மழை,
குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.
அட்டையில் புள்ளியும் போயிற்று, கோடும் போயிற்று.
மிச்சம் நின்றது வெறும் ப.
"பிங்கிட்" என்று படித்துச் சிரித்தான் ரெஜாவுல்.
ரொஹாயா மெஷினை நிறுத்தினாள்.
"பிஙிட்டா? எங்கள் பாஷையில் அது
காதைத் துளைக்கிற சத்தம்."

சத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.
புள்ளிதான் முதலில், இல்லை கோடுதான்,
பழைய ஓலைகளில் எங்கள் பக்கமும் கோடு உண்டு,
அச்சு யந்திரம் வந்துதான் புள்ளி நிலைத்தது,
அப்படியானால் யார் யாரிடம் வாங்கியது?
அவன் தன் மொழியில் கத்த
இவர் தன் மொழியில் கத்த
பதினைந்து நிமிஷம் போயிற்று.
அதற்குள் ஒருவராவது மற்றவரிடம்
"என்ன சொன்னாய்?" என்று கேட்கவில்லை.

வரிசையில் பின்னால் ஒருவன் இருமினான்.
"பணம் அனுப்புகிறீர்களா இல்லையா" என்றேன்.
இரண்டு கைகள் ஒரே நேரத்தில்
கம்பி இடுக்கில் நீண்டன.

அட்டையை இன்னும் யாரும் திருத்தவில்லை.
விலை மட்டும் இரண்டு தடவை மாறிவிட்டது.