முதலியாரின் கொப்பி

மெய்யியல் துறையில் என்னைச் சட்டக்காரி என்பார்கள்.
சட்ட பீடத்தில்
"எங்கட தத்துவஞானி வாறா" என்று
கதிரை இழுத்துப் போடுவார்கள்.
இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு வாகை.
பத்தொன்பது வருடமாக
அதிலுள்ள காகங்கள் மட்டுந்தான்
எந்தத் துறையென்று கேட்காமல்
என் காரின் மேல் எச்சமிடுகின்றன.

பேச்சுச் சுதந்திரம் என் பாடம்.
பத்தாம் உறுப்புரை: நினைக்கலாம், தடையே இல்லை.
பதினான்கு: பேசலாம்.
பதினைந்து: ஆனால்.
அந்த ஆனாலைப் பற்றி
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிக்
கலாநிதியானேன்.
துணிவு போதாததை எல்லாம்
அடிக்குறிப்பில் வைத்தேன்.
வாசித்த ஒரேயொரு பரீட்சகர்
நாற்பத்தேழாவதன் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதிப்
பிறகு அழித்திருந்தார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
தடம் இருந்தது, எழுத்து இல்லை.

போன மாசம் புதுக்கடையிலிருந்து அழைப்பாணை.
நிபுணத்துவச் சாட்சி.
எதிரி: மரியதாஸ் லெம்பேட், வயது இருபத்து நாலு, கொட்டாஞ்சேனை.
(நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு
எதிரி என்றுதான் பெயர்.
யாருக்கு என்று எந்தக் கோவையிலும் இல்லை.)
துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவன்.
வீடுகளை இடித்த வளவைச் சுற்றி எழும்பிய தகரவேலியில்
கறுப்புப் பெயின்றால் எழுதினானாம்:
எங்கட ஆதங்கம் ஒருநாள் இந்த வேலியைச் சாய்க்கும்.

பொலிஸாரின் சிங்களத்தில்
ஆதங்கம், வைரய ஆகியிருந்தது.
வெறுப்பு.
ஒரு சொல் பஸ் மாறி ஏறியதில்
ஏழு மாதம் விளக்கமறியல்.

"ஒரே சொல்லில் சொல்லுங்கள், கலாநிதி.
இதன் பொருள் என்ன?"

ஒரே சொல்லில்.
பொருள் எங்கே இருக்கிறது என்று
ஒரு தவணை முழுக்க விரிவுரை செய்கிறவள் நான்.
பாவனையில் என்பேன், சூழலில் என்பேன்,
வெண்கட்டியை எறிந்து எறிந்து பிடித்தபடி.
கூண்டில் வெண்கட்டி இல்லை.
கைப்பிடி மரத்தில்
யாரோ நகத்தால் கீறிய கோடுகள்.

சொன்னேன்:
"வாடகை கேட்டு வந்தவரிடம்
நாளைக்குத் தாறேன் என்று கதவைச் சாத்திவிட்டு
அந்தக் கதவிலேயே சாய்ந்து நிற்கிறோமே, ஐயா,
அப்போது நெஞ்சில் நிற்பது."

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
லெம்பேட் சிரிக்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தான்.
முதலியார் ஜெஸீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு மொழிபெயர்த்தார்,
என் வாக்கியத்தைவிட நீளமாக,
நடுவில் இரண்டு தரம் திரும்பி வந்து திருத்தி.
தட்டெழுத்துப் பெண் அடித்ததோ
கொஞ்சந்தான்.
பதிவில் பிறகு பார்த்தேன்: "சாட்சி தெளிவில்லை."
அடுத்த தவணை மார்ச் ஒன்பது.

வாசலில் பிளேன்ரீ.
"இருபத்தாறு வருசம், மிஸ்,"
என்றார் முதலியார்.
"இந்தச் சொல் எத்தனை தரம் வந்திருக்கும்.
நேரம் இல்லாட்டி வைரய எண்டுடுவன்.
மனசு நல்லா இருந்தா துக்க எண்டு போடுவன்.
எந்த நாள் எதைச் சொன்னன் எண்டு
ஞாபகமே இல்ல."
சீனியைக் கரண்டியால் சுற்றிக்கொண்டே இருந்தார்,
கரைந்து முடிந்த பிறகும்.

பையிலிருந்து ஒரு கொப்பி எடுத்தார்.
தாளின் நடுவே கோடு.
இடப்பக்கம் ஆதங்கம் என்று எழுதினார், தமிழில்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் வட்டெழுத்தில்.
வலப்பக்கம் பேனை நின்றது.

அப்போது என் போன் அடித்தது. அக்கா.
"பிறகு எடுக்கிறன்" என்றேன்,
பஸ்ஸில் தமிழ் பேசும் அந்தக் குரலில்,
வாயைக் கையால் மறைத்து.
சுற்றிலும் யாருமில்லை,
ஒரு லொத்தர் விற்பவர், ஒரு நாய்.
எந்த உறுப்புரையும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

முதலியார் தலையை நிமிர்த்தவில்லை.
அவருக்குக் கேட்டிருக்கும்.