கால் கரண்டி

மூக்குக் குழாயில் முப்பத்தெட்டு நாள்,
வேட்டித் துணியில் வடித்த கஞ்சி.
அவர் நாக்குக்கு எட்டாத உப்பை
நான்தான் விரலில் தொட்டுப் பார்ப்பேன்.

கீழக்கரைக் கடலில் ஏழு பாகம் மூழ்கிச்
சங்கெடுத்தவர்.
ஒரு மிடறு உள்ளே போனதில்லை.
இப்போது எச்சிலுக்கே புரையேறுகிறது.

‘தண்ணிதான் மோசம், கெட்டியாக் குடுங்க’
என்றாள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிப் பெண்.
தாடையை நெஞ்சோடு ஒட்டி முழுங்கணுமாம்.
கேழ்வரகுக் கூழ், கால் கரண்டி.

வாயில் வைத்தபடி
என்னையே பார்த்தார்.
நானும் மூச்சை அடக்கினேன்,
வள்ளத்தில் கயிறு பிடித்து நிற்பவன் மாதிரி.

குரல்வளை ஏறியது. நின்றது.

இறங்கியது.

இருமலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை.
கோணிய வாய் ஏதோ குழறியது.
குனிந்து காதைக் கொடுத்தேன்:
‘உப்பு பத்தல, ஜொகரா.’