ஐந்து மீட்டர் எழுபது

தாங்கிகளுக்கு கிரீஸ் பூசுவது என் வேலை.
விரலால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்பேன்.
கரகரத்தால், அங்கே
யாருடைய உழைப்போ கசிகிறது.

ஹீயுமா தீவு, ஜூன் மாதம்.
இரவு பத்தாகியும் வெயில் புல்மேல் கிடக்கிறது.
படகுத்துறையில் நாளெல்லாம் வடம் இழுக்கும் ரைலி
பலகையில் ஏறி நிற்கிறாள்.
பாதங்களைப் பலகையோடு கட்டுகிறோம்,
மணிக்கட்டுகளை இரும்போடு.
எங்கள் ஊஞ்சலுக்குக் கயிறு கிடையாது.
எஃகுக் கைகள், ஐந்து மீட்டர் எழுபது.
தலைகீழாய்ப் போய் மறுபுறம் இறங்க வேண்டும்.
ஐந்து நிமிஷம். யாரும் தள்ளிவிடக் கூடாது.

கல்யு கடிகாரத்தை அழுத்துகிறார்.

இனி அவளுக்கு முழங்கால்கள்தாம்.
உச்சியில் குந்து, அங்கே எடை குறைவு.
அடியில் எழு, அங்கே நீ மூன்று ஆள் கனம்.
சுலபமான இடத்தில் எழுந்தால் ஒன்றும் சேராது.
எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சாண் ஏறுகிறது,
நாலு விரல் காற்றுக்குப் போகிறது,
கொஞ்சம் என் கிரீஸுக்கு.
கொஞ்சத்தை, ஊன்றிய கம்பங்கள்
நடுங்கி நடுங்கி மண்ணுக்குக் கொடுக்கின்றன.
அவள் பின்னல்கூட ஒரு செலவுதான்.
வெறும் ஊசல் என்றால் இந்நேரம் ஓய்ந்திருக்கும்.
இதில் ஒருத்தி நிற்கிறாள்.

நாலாம் நிமிஷம் வரவும் செலவும் ஒன்றாகின.
எத்தனை எழுந்தும் அதே உயரம்,
அதே பைன் மரம், அதே கிளை.
கூட்டத்தில் பேச்சு நின்றது.

பின்னலை வாயில் கவ்வினாள்.
அடியில் ஐந்து ஆள் கனத்தைத் தூக்கி எழுந்தாள்.
மேலே
தலைகீழாய், எந்தப் பக்கம் விழுவதென்று
இரும்புக்கே தெரியாத ஒரு கணம்

விழுந்தது. மறுபுறம்.

கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது,
அவளை இறக்க வேண்டும்.
தள்ளக் கூடாதென்பது விதி, பிடிக்கக் கூடாதென்பது புத்தி.
முழங்கால் ஓய்ந்துவிட்டது, சும்மா தொங்குகிறாள்.
இத்தனை நேரம் அவளைத் தின்ற காற்று
இப்போது மெதுவாகத் தின்கிறது,
பசியே இல்லாததுபோல்.
"எவ்வளவு கிரீஸ் பூசித் தொலைத்தாய், ஹில்லர்!"
என்று ஒவ்வொரு வீச்சுக்கும் திட்டினாள்,
முன்னே வரும்போது உரக்க, பின்னே போகும்போது தேய்ந்து.

எல்லாரும் நெருப்பைப் பார்க்கப் போனதும்
ஏணி வைத்துத் தாங்கியைத் தொட்டேன்.
அத்தனையும் சூடாகத்தானே போயிருக்க வேண்டும்?
இரும்பு சில்லென்றிருந்தது.

கீழே ரைலி
யாரோ கொடுத்த உப்பு வெள்ளரியைக் கடித்துக்கொண்டிருந்தாள்,
தோள்களில் ஆவி பறக்க.