ஆறாவது

டார்ட்டு நகரில் ஆறு உறைந்த வாரம்
பாடக்கூடத்து எலும்புக்கூட்டின் கம்பி அறுந்தது.
யாரோ கைகுலுக்கியிருக்கிறார்கள்.
சனிக்கிழமை வேலை, கூலி ஒன்றரை மடங்கு.
செம்புக் கம்பி, குறடு,
காளான் பொறுக்கும் என் கூடையில்
கழன்று கிடக்கிற ஒரு முழு முதுகு.

மேலிருந்து தொடங்குகிறேன்.
முதல் எலும்பு வெறும் வளையம்,
ஆமாம் என்று தலையாட்ட.
இரண்டாவதில் ஒரு முளை,
இல்லை என்று முகத்தைத் திருப்ப.
தலைக்கனம் எல்லோருக்கும் உண்டு,
ஏறக்குறைய ஐந்து கிலோ.
கழுத்துக்கு ஏழு.
ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான் என்றால்
முதலாண்டுப் பிள்ளைகள் நம்புவதில்லை.

விலா தாங்கும் பன்னிரண்டு.
ஒவ்வொன்றின் முள்ளும்
அடுத்ததன்மேல் கூரையோடு போலச் சாய்கிறது.
மூன்று நான்கு சேர்ந்ததும்
நடுத்துளைகள் ஒரு குழலாகின்றன.
கண்ணை வைத்துப் பார்த்தேன்: சன்னல், பனி.
இதற்குள்தான் ஓடியது தண்டுவடம்,
சுண்டுவிரல் தடிமன்.
இடுப்பின் தொடக்கத்திலேயே அது முடிந்து
நரம்புகள் குதிரைவாலாய்த் தொங்கும்.
முதுகில் போடும் ஊசி அதற்கும் கீழே.

தொலைபேசி. வைனோ.
மரலாரி ஓட்டுகிறவன்,
மூன்று நாளாய்ச் சமையலறைத் தரையில்.
'தட்டு நழுவிடுச்சா? உண்மையைச் சொல்லு.'
நழுவ அது என்ன சாப்பாட்டுத் தட்டா?
மேலெலும்பையும் கீழெலும்பையும்
ஒட்டிப் பிடித்திருக்கிற மெத்தை.
ஓரம் கிழிந்தால் பூரணம் பிதுங்கி
நரம்பை உரசும். பலருக்கு அது
தானாகவே சுருங்கியும் போகும்.
'சொடக்கு விழுந்ததே, உடைஞ்சதா?'
காற்றுக்குமிழி.
'காலையில அளந்தா உயரமா இருக்கேன்.'
இரவெல்லாம் தட்டுகள் நீர் குடிக்கும்.
சாயங்காலம் அளந்து பார், போயிருக்கும்.
'கால் மரத்திருக்கா?'
'இல்ல.'
'மூத்திரம் போகுதா?'
'போகுது.'
'அப்போ எழுந்து கொஞ்சம் நட.'
பயமாயிருக்கு என்று அவன் சொல்லவில்லை.
காதில் விழுந்தது.

இடுப்பு எலும்புகள் கனம்.
ஐந்தையும் கோத்தாயிற்று.
அடுத்தது திரிகம்,
ஐந்தாகப் பிறந்து
வளர்ந்தபின் ஒன்றாகிப்போன எலும்பு.
அது உட்கார மறுக்கிறது.
வழக்குப் போட்ட பங்காளிகள் மாதிரி
அதுவும் ஐந்தாவதும்
முகம் பார்த்துக்கொள்ளவில்லை.
இடையில் ஒரு கம்பளித் துண்டு,
எனக்கு முன்னால் யாரோ திணித்தது.

பீடத்தின் அடியில் ஒரு இழுப்பறை.
நான்கு வருடமாய்த் துடைக்கிறேன், திறந்ததில்லை.
உள்ளே செய்தித்தாளில் பொதிந்து
இன்னொரு இடுப்பெலும்பு.

வேறு ஆளுடையதாயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.
விளக்கடியில் பிடித்தேன்.
ஐந்தாவதன் இடது விளிம்பில் இருந்த தேய்மானம்
இதிலும், இடது விளிம்பில்.
மூட்டுமுகங்கள் இரு பக்கமும் பொருந்தின,
பழைய செருப்பில் காலைப் போல.
சிலருக்கு ஆறு உண்டாம்;
புத்தகத்தில் அடிக்குறிப்பு.
இந்த ஆள் எதையோ
இடது தோளிலேயே சுமந்திருக்க வேண்டும்,
எண்ணிப் பார்க்காமல்.

'தேர்வுக்கு வேணும்,
புத்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கட்டும்'
என்றிருந்தாள் பேராசிரியை ட்ரூதா.
இழுப்பறையை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்.

கம்பளியை எறிந்தேன். ஆறையும் கோத்தேன்.
திங்கட்கிழமை எவனாவது
எண்ணித் தடுமாறட்டும், திரும்ப எண்ணட்டும்.

பழைய கொக்கியில் மாட்டியபோது
குதிகால் தரையைத் தொட்டது.
கொக்கியை ஒரு துளை உயர்த்தினேன்.