கணக்குக் காட்ட ஒரு படம்

குறிகட்டுவானில் நாற்பத்தொரு பொதி ஏற்றினோம்;
நடுக்கடலில் ஒன்றின் சீனி நனைந்தது.

நெடுந்தீவில்
பெற்றோல் இல்லாத ஓட்டோக்களுக்குள்
கோழிகள் அடைகிடந்தன.
குதிரை பார்க்க ஆளில்லை;
குதிரைகள் றோட்டில் நின்று எங்களைப் பார்த்தன.

"பொதியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ அக்கா,
கனடாவுக்குக் கணக்குக் காட்டவேணும்."

எமிலியானா பொதியைக் கீழே வைத்தாள்.
முருகைக்கல் மதிலில் சாய்ந்தாள்.
"இந்த மதிலோட என்னை எடுக்க
வெள்ளைக்காரர் இருநூறு தருவினம்.
நீங்கள் எங்கட ஆக்கள். நூறு."

டெனிஸ்ரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

என்னிடம் ஐந்நூறு தாள்தான் இருந்தது.
மிச்சம் தர அவளிடம் காசில்லை.
அதனால் ஐந்து தரம் நின்றாள்:
நேரே, பக்கவாட்டில்,
கடலைப் பார்த்து,
காற்றில் கலைந்த மயிரை ஒதுக்கியபடி,
கடைசியில் என்னையே பார்த்து.

ஐந்திலும் பொதி இல்லை.